தேர்தல் ஆலோசகர் என்னும் புதிய உத்தியோகம்

ஒரு காலத்தில் நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் என்ன வேலைக்குப் போவார்கள் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம். ரயில்வே, வங்கி, தபால் தந்தி, ஏ.ஜி. ஆபீஸ், கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் உருக்காலை அல்லது கம்ப்யூட்டர் கம்பெனி. இப்போது பிள்ளைகள் சொல்லும் பல வேலைகளின் பெயரே பெற்றோருக்கு விளங்குவதில்லை. அவற்றில் ஒன்று தேர்தல் ஆலோசனை. பட்டம் வாங்கிய கையோடு மகனுக்கு இப்படி ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருப்பதாக அன்பர் ஒருவர் சொன்னார். "சார், இது உத்தியோகமா, அரசியலா? தேர்தல் முடிந்த மறுநாள் சம்பளம் யார் கொடுப்பார்கள்? ஜெயித்தால் இவர்கள் ஜெயிக்க வைத்தார்கள் என்கிறார்களே, அது நிஜமா?" என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றாவதுதான் கடினமானது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் தானே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவனுக்கு அது பழகிப்போன விஷயம். இங்கே கட்சிப் பெயர்கள் வருவதெல்லாம் கணக்குக்காக மட்டுமே.

இந்தத் தொழில் பிறந்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில். 1933ஆம் ஆண்டு கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்ற இருவர் சேர்ந்து 'கேம்பெயின்ஸ் இன்க்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பின்னால் கணவன் மனைவியும் ஆனார்கள். தேர்தல் பிரசாரத்தை மட்டுமே தொழிலாகக் கொண்ட முதல் கம்பெனி என்று இதைச் சொல்வது வழக்கம். மறு வருஷமே அந்த மாநில கவர்னர் தேர்தலில் நாவலாசிரியர் அப்டன் சிங்ளேர் நின்றார். அவருடைய நாவல்களில் வரும் பாத்திரங்கள் பேசிய வசனங்களைப் பொறுக்கி எடுத்து, அவரே சொன்ன கருத்துகள் போலப் பத்திரிகைகளில் தினமும் வரும்படி செய்தார்கள். கதையில் வரும் ஒருவன் சொல்வதற்குக் கதை எழுதியவர் பொறுப்பாளியா? ஆனால் தேர்தல் நேரத்தில் நின்று விசாரிப்பவர் யார்? சிங்ளேர் தோற்றார். தொழிலின் சாமர்த்தியம், அதில் ஒளிந்திருக்கும் விஷம், இரண்டும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் வெகு காலம் இந்த வேலையை விளம்பரக் கம்பெனிகள்தான் பார்த்தன. 1984 தேர்தலில் காங்கிரஸுக்கு ரீடிஃப்யூஷன் என்ற கம்பெனி விளம்பரங்கள் தயாரித்தது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் 400 இடங்களுக்கு மேல் வென்றது. இருபது வருஷம் கழித்து, 2004இல், 'இந்தியா ஒளிர்கிறது' என்ற விளம்பரம் பட்டிதொட்டியெல்லாம் ஒளிர்ந்தது, பா.ஜ.க. 138 இடங்களோடு நின்றது. 1984இல் விளம்பரம் ஜெயிக்கவைத்தது என்றால் 2004இல் ஏன் முடியவில்லை? இந்திரா காந்தி கொல்லப்பட்ட இரண்டு மாதத்துக்குள் நடந்த தேர்தல் அது என்பதை மறந்துவிட்டு விளம்பரத்துக்குப் பாராட்டுக் கொடுத்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். இதே கணக்குத் தப்பு பின்னால் ஆலோசகர் விஷயத்திலும் வரப்போகிறது.

ஆலோசகர் என்ற உத்தியோகத்தை இந்தியாவில் டீக்கடை வரைக்கும் தெரியவைத்தவர் பிரசாந்த் கிஷோர். 1977இல் பிறந்தவர். சொந்த ஊர் பீகாரில் ரோத்தாஸ் ஜில்லாவைச் சேர்ந்த கோனார் என்ற கிராமம், வளர்ந்தது பக்ஸரில். தகப்பனார் அரசாங்க டாக்டர். இவர் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் சுகாதாரத் திட்டங்களில் சில வருஷம் வேலை பார்த்தவர். வளர்ந்த மாநிலங்களிலேயே குழந்தைகள் சத்துக் குறைவோடு இருப்பது பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் அன்றைய குஜராத் முதலமைச்சர் நரேந்திர மோதியிடம் அவரைக் கொண்டு சேர்த்தது என்று சொல்வார்கள். 2012 குஜராத் தேர்தலில் அவருக்காக வேலை செய்தார். பிறகு படித்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமைத்து, 2014 மக்களவைத் தேர்தலில் இறங்கினார். டீ விற்றவர் பிரதமராவதா என்ற தோரணையில் எதிர்த்தரப்பில் ஒருவர் பேசப்போக, அதையே பிடித்துக்கொண்டு ஊர் ஊராக டீக்கடைகளில் திரையைக் கட்டி 'சாய் பே சர்ச்சா' என்று நடத்தினார்கள். 2014 பிப்ரவரியில் ஆரம்பித்த அந்த நிகழ்ச்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பா.ஜ.க.வுக்கு மட்டும் 282 இடம் கிடைத்தது. அந்த உறவு அதற்குப் பிறகு நீடிக்கவில்லை. அடுத்த வருஷமே அவர் எதிர்முகாமில் இருந்தார். அவருடைய குழுவும் 'ஐபேக்' என்ற பெயரில் கம்பெனி ஆனது.

இவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். மேடையும் கோஷமும் நமக்குத் தெரிகிறது. அடியில் இருப்பது கணக்கு.

ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் தேர்தல் கமிஷன் ஃபாரம் 20 என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஒரு தொகுதியில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு சாவடிக்கு ஏறக்குறைய 1,000 வாக்காளர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, வீட்டு நம்பர் எல்லாம் இருக்கிறது. மூன்று தேர்தல்களின் ஃபாரம் 20ஐயும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தச் சாவடி எப்போதும் நம் பக்கம், எது எப்போதும் எதிர்ப் பக்கம், எது ஊசலாடுகிறது என்று தரம் பிரித்துவிடலாம். பணமும் ஆளும் தலைவரின் நேரமும் ஊசலாடும் சாவடிக்குத்தான் போகவேண்டும். இதுதான் முதல் வேலை.

இரண்டாவது, சர்வே. சரியானபடி பொறுக்கி எடுத்த 1,000 பேரைக் கேட்டால், ஒரு மாநிலம் முழுவதற்கும் சுமார் 3 சதவீதம் கூடக்குறைய அபிப்பிராயத்தைச் சொல்லிவிடலாம். மாநிலத்தில் ஒரு கோடிப் பேர் இருந்தாலும் பத்துக் கோடிப் பேர் இருந்தாலும் இதே 1,000 போதும் என்பது புள்ளியியலின் விசித்திரம். ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் அதே நுட்பம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் 1,000 பேரைக் கேட்கவேண்டும். 234 தொகுதி உள்ள தமிழ்நாட்டில் 2,34,000 பேர்! அதுவும் ஒரு தடவை கேட்டால் போதாது. செலவு எங்கே போகிறது என்று இப்போது புரியும். இத்தனைக்கும் பிறகு, 2 சதவீத வித்தியாசத்தில் ஜெயிக்கிற தொகுதியைப் பற்றி 3 சதவீதப் பிழை உள்ள கருவியால் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது.

மூன்றாவது, கிடைத்த தகவலை வைத்துச் செய்கிற வேலை. யாருக்கு டிக்கெட் கொடுக்கலாம், எந்த வாக்குறுதி எடுபடும், தலைவரை எப்படிக் காட்டுவது, எதிர்த்தரப்பின் வாயிலிருந்து விழுந்த வார்த்தையை எப்படித் திருப்புவது. டெலிபோன் செய்து ஜனங்களைக் கேட்பது, வாட்ஸப் குழுக்கள், 'வார் ரூம்' எல்லாம் இதில் அடக்கம். நம் பிள்ளைகளை இவர்கள் தேடி வருவதற்கும் காரணம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் பெங்காலியோ ஹிந்தியோ, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று வளர்ந்த பிள்ளையை எந்த மாநிலத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் அல்லவா?

ரயில்வேயில் 'ட்ராக் ரிகார்டிங் கார்' என்று ஒரு வண்டி உண்டு. சில மாதங்களுக்கு ஒரு முறை லைன் மேல் ஓடும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம், மேடு பள்ளம், முறுக்கு, வளைவு எல்லாவற்றையும் அளந்து காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடும். அதிலே உச்சி தெரிகிற இடமெல்லாம் பழுது. மிக அருமையான வண்டி. அது வந்த பிறகு எங்கள் வேலை எளிதாயிற்று. ஆனால் அந்த வண்டி ஒரு கல்லைக்கூடத் தூக்கிப் போடாது. ஜல்லியைக் குத்தி லைனை நேராக்குவது கேங்மேன். தினமும் காலையில் சாவியும் சுத்தியலுமாய் நடந்து போய் ஒவ்வொரு கட்டையையும் பார்ப்பவன் கீமேன். அவர்கள் இல்லாத செக்ஷனில் அந்தக் கோட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தேர்தல் ஆலோசகரை நான் அந்த வண்டியாகத்தான் பார்க்கிறேன். இனி வரும் தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2015 பீகார் தேர்தலின்போது நான் பாட்னாவை அடுத்த தானாப்பூரில் வேலையில் இருந்தேன். ஜூலை மாதம் முசாஃபர்பூர் கூட்டத்தில் நிதீஷ் குமாரின் அரசியல் டி.என்.ஏ. பற்றிப் பிரதமர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். உடனே அது பீகாரிகள் எல்லோரையும் அவமதித்த பேச்சு என்று திருப்பி, ஜனங்களின் தலைமுடியையும் நகத்தையும் சேகரித்து டெல்லிக்கு அனுப்பும் இயக்கம் தொடங்கினார்கள். எங்கள் ஆபீஸ் பியூன்கூட உறையில் முடியைப் போட்டுக்கொண்டு போனார்! நிதீஷின் ஏழு வாக்குறுதிகளைச் சுருக்கமாகச் சொல்லி ஊரெங்கும் எழுதினார்கள்: வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர், மின்சாரம், கழிப்பறை என்று. முடிவில் லாலு, நிதீஷ், காங்கிரஸ் கூட்டணிக்கு 243இல் 178 இடம் கிடைத்தது. பா.ஜ.க.வுக்கு 53. பத்திரிகைகளெல்லாம் ஆலோசகரைத் தலையில் தூக்கி வைத்தன. அடுத்த ஜனவரியில் மந்திரி அந்தஸ்தோடு முதலமைச்சரின் ஆலோசகராகவும் நியமனம் ஆனார்.

இப்போது கணக்குக்கு வருவோம். அதற்கு முந்திய வருஷம் மக்களவைத் தேர்தலில் இதே மூன்று கட்சிகளும் பீகாரில் சேர்ந்து நிற்கவில்லை. அப்படியிருந்தும் மூன்றும் வாங்கிய ஓட்டைக் கூட்டினால் 44 சதவீதத்துக்குமேல். பா.ஜ.க. அணி வாங்கியது 39க்குக் கொஞ்சம் குறைவு. ஆக, மோதி அலை அடித்த 2014இலேயே கூட்டல் கணக்கில் இவர்கள் முன்னால் இருந்தார்கள். பிரிந்து நின்றதால் தோற்றவர்கள், சேர்ந்ததால் ஜெயித்தார்கள். ஆலோசகரின் பங்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. ஜென்மப் பகைவர்களாக இருந்த இரண்டு தலைவர்களின் தொண்டர்களை ஒரே பாட்டுப் பாடவைப்பது லேசான காரியமல்ல. ஆனால் லைன் ஏற்கெனவே இருந்தது.

இதற்கு நேர் சோதனைபோல 2017 வந்தது. காங்கிரஸ் அவரை இரண்டு மாநிலங்களுக்கு அமர்த்தியது: பஞ்சாப், உத்தரப் பிரதேசம். ஆலோசகர் ஒருவர், கம்பெனி ஒன்று, கட்சி ஒன்று, ஓட்டு எண்ணியதும் ஒரே நாள், மார்ச் 11. பஞ்சாபில் 117க்கு 77. உ.பி.யில் 403க்கு 7!

பஞ்சாபில் பத்து வருஷ அகாலி ஆட்சியின் மேல் ஜனங்களுக்கு வெறுப்பு. காங்கிரஸிலோ அமரீந்தர் சிங் என்று ஊரறிந்த ஒரு தலைவர், கிராமந்தோறும் கட்சிக் கிளை. அவரைக் காப்பிக் கூட்டங்களில் இளைஞர்களோடு உட்காரவைத்ததும், ஒன்பது வாக்குறுதிகளைச் சொல்லவைத்ததும் நன்றாக எடுபட்டது. உ.பி.யில் அந்தக் கட்சி ஆட்சியை இழந்து அப்போதே 27 வருஷம் ஆகியிருந்தது. சாவடியில் உட்கார ஆள் கிடையாது. டெல்லியிலிருந்து ஷீலா தீட்சித்தை முதலமைச்சர் வேட்பாளர் என்று கொண்டுவந்தார்கள். பிறகு சமாஜ்வாதியோடு கூட்டணி வைத்தபோது அதையும் கைவிட்டார்கள். 2016 செப்டம்பரில் தேவரியா ஜில்லாவில் விவசாயிகளைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து ராகுல் காந்தி பேசும் கூட்டம் நடந்தது. யோசனை நல்ல யோசனைதான். கூட்டம் முடிந்ததும் வந்த ஜனங்கள் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாடு முழுவதும் சிரித்தது. எனக்கென்னவோ அந்த ஜனங்களின் மேல் கோபம் வரவில்லை. வந்ததற்கு ஒரு கட்டிலாவது மிஞ்சியது.

ஆந்திரம் இன்னும் சுவாரசியமானது. ஜகன்மோகன் ரெட்டி 2017 நவம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை 3,600 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். 'நவரத்தினங்கள்' என்று ஒன்பது திட்டங்கள் சொன்னார். ஆலோசனை ஐபேக். 2019இல் 175க்கு 151. மக்களவையில் 25க்கு 22. அதே கம்பெனி 2024இலும் அவருக்காக வேலை செய்தது. அப்போது பிரசாந்த் கிஷோர் அதில் இல்லை. ஜகன் தோற்பார் என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுப் பதிவு முடிந்ததும் ஜகன் விஜயவாடாவில் உள்ள ஐபேக் ஆபீஸுக்கே போய், போன தடவையைவிட அதிகம் வாங்குவோம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஜூன் 4ஆம் தேதி வந்தது 11 இடம். தேர்தல் முடிந்த பிறகும் தலைவருக்குத் தரையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை என்றால், அவருக்குச் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை, அல்லது அவர்களுக்கே தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் கவலைதான்.

நாம் கண்ணெதிரே பார்த்தது வங்காளம். 2019 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. இங்கே 42க்கு 18 பிடித்தது. அடுத்த மாதமே மம்தா பானர்ஜி பிரசாந்த் கிஷோரை அழைத்துக்கொண்டார். ஜூலை கடைசியில் 'தீதி கே போலோ', அதாவது அக்காவிடம் சொல்லுங்கள் என்று ஒரு டெலிபோன் நம்பர் கொடுத்தார்கள். கொல்கத்தாவில் அந்த நம்பர் எழுதாத சுவரே இல்லை. ஜனங்கள் கூப்பிட்டுத் தண்ணீர் வரவில்லை, ரேஷன் கிடைக்கவில்லை, கட்சிக்காரன் கமிஷன் கேட்கிறான் என்றெல்லாம் சொன்னார்கள். 2020 டிசம்பரில் 'துவாரே சர்க்கார்', வாசலில் அரசாங்கம் என்று முகாம் போட்டு, சுகாதாரக் கார்டு முதல் ஜாதிச் சான்றிதழ் வரை அங்கேயே மனு வாங்கினார்கள். அந்த வரிசையில் நம் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் நின்றது எனக்குத் தெரியும். பா.ஜ.க. இரட்டை இலக்கத்தைத் தாண்டாது என்று ஆலோசகர் அதே மாதம் பகிரங்கமாகச் சொன்னார். 2021 மே 2ஆம் தேதி அப்படியே ஆயிற்று: திரிணமூல் 213, பா.ஜ.க. 77. என் கணக்கில் இதுதான் அவர் செய்த வேலைகளில் சிறந்தது. காரணம், இங்கே கோஷத்தைவிடக் காது முக்கியமாக இருந்தது. தலைவருக்கும் ஜனங்களுக்கும் நடுவில் கட்சிக்காரர்கள் அடைத்து வைத்திருந்த குழாயை ஒரு டெலிபோன் நம்பர் கொஞ்சம் திறந்துவிட்டது.

அதே நாளில் தமிழ்நாட்டிலும் தி.மு.க. 133 இடம் வென்றது. அங்கும் 2020 பிப்ரவரியிலிருந்து ஐபேக் தான். ஊரடங்கு நேரத்தில் நடந்த 'ஒன்றிணைவோம் வா', பிறகு 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' என்று மனு வாங்கியது எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. ஆனால் ஐபேக் வருவதற்கு முன்பே, 2019 மக்களவைத் தேர்தலில் அந்தக் கூட்டணி 39க்கு 38 வாங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கிளைக் கழகம் வரை ஆள் உள்ள கட்சிக்கு, சட்டை போட்ட பையன்கள் மடிக்கணினியோடு வந்து பாடம் சொல்கிறார்கள் என்று பழைய தொண்டர்கள் முணுமுணுத்ததை ஊருக்குப் போனபோது நானே கேட்டேன். எதிரே அ.தி.மு.க.வுக்கு வேலை செய்தவர் சுனில் கனுகோலு. இவரே முன்னால் தி.மு.க.வுக்கு வேலை செய்தவர். பிறகு 2023இல் கர்நாடகத்தில் காங்கிரஸுக்காக வேலை செய்து 224க்கு 135 வந்தது. முகத்தையே வெளியே காட்டாதவர் என்று பெயர். ஆக, ஒரு தேர்தலில் இரண்டு பக்கமும் ஆலோசகர் இருந்தால் ஒருவர் ஜெயித்தே தீருவார். ஜெயித்தவர் கெட்டிக்காரர் ஆகிவிடுவார்.

பண விஷயத்துக்கு வருவோம். 2022 ஜனவரியில் திருத்தியபடி பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சமும் மக்களவை வேட்பாளர் 95 லட்சமும் செலவழிக்கலாம். கட்சி செலவழிக்க உச்சவரம்பே கிடையாது. ஆலோசகரின் கட்டணம் கட்சிக் கணக்கில் போகிறது. பிரசாந்த் கிஷோரே ஒரு கூட்டத்தில், ஒரு தேர்தலுக்கு ஆலோசனை சொன்னால் 100 கோடிக்கு மேல் வாங்குவேன் என்றார். 2025 செப்டம்பரில், மூன்று வருஷத்தில் தமக்கு ஆலோசனைக் கட்டணமாக 241 கோடி வந்ததென்றும் அதற்கு வரி கட்டியதாகவும் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்கு மதிப்புக் கொடுக்கலாம். கொடுத்தவர்களுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை ஓட்டுப் போடுகிற நமக்கு உண்டு.

அன்பரின் மகனுக்கு வருவோம். இது உத்தியோகம்தான், சம்பளம் வரும், கட்சி உறுப்பினர் ஆகவேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் தேர்தல் வரைக்கும்தான் ஒப்பந்தம். ஓட்டு எண்ணிய பிறகு சிலரை வேறு மாநிலத்துக்கு அனுப்புவார்கள், மற்றவர்கள் வேறு வேலை பார்க்கவேண்டும். தேர்தல் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமை என்பது கிடையாது. இரண்டு வருஷம் இருந்தால் நூறு கிராமத்தைப் பார்க்கலாம். கலெக்டர் ஆபீஸில் என்ன நடக்கிறது, ரேஷன் கடையில் என்ன நடக்கிறது என்று இருபத்து மூன்று வயதில் தெரிந்துகொள்வது சாதாரண விஷயமல்ல. ஆனால் பையன் ஒன்றைக் கேட்டுக்கொண்டு சேரவேண்டும். தன் கையால் வாங்குகிற டெலிபோன் நம்பரும், வீட்டில் எத்தனை பேர், என்ன ஜாதி என்கிற குறிப்பும் தேர்தலுக்குப் பிறகு யாரிடம் இருக்கும்? கேட்ட கிழவிக்கு அவன் என்ன பதில் சொல்லுவான்? பொய்ச் செய்தி பரப்பச் சொன்னால் மறுக்கிற இடம் அங்கே உண்டா? சிங்ளேர் கதையை அதனால்தான் முதலிலேயே சொன்னேன்.

2021இல் வங்காளமும் தமிழ்நாடும் ஜெயித்த அன்றே இந்தத் தொழிலை விட்டுவிடுவதாக பிரசாந்த் கிஷோர் அறிவித்தார். நடுவில் 2018இல் நிதீஷின் கட்சியில் சேர்ந்து உபதலைவராகி, 2020 ஜனவரியில் குடியுரிமைச் சட்டத் தகராறில் வெளியேற்றப்பட்டும் இருந்தார். 2022 ஏப்ரலில் காங்கிரஸில் சேரும் பேச்சு நடந்து முறிந்தது. அந்த வருஷம் அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று, சம்பாரண் ஜில்லாவில் பிதிஹர்வா ஆசிரமத்திலிருந்து நடக்க ஆரம்பித்தார். கிராமம் கிராமமாக, பள்ளிக்கூடம் எங்கே, வேலை எங்கே, பிள்ளைகள் ஏன் ஊரைவிட்டு ஓடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 அக்டோபர் 2இல், பாட்னாவில் 'ஜன் சுராஜ்' கட்சியை ஆரம்பித்தார். சின்னம் பள்ளிக்கூடப் பை.

அளக்கிற வண்டியே லைன் போட இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வே அவருடையது, வாக்குறுதி அவருடையது, பேச்சு அவருடையது. இந்தியாவில் இவ்வளவு பயிற்சியோடு கட்சி ஆரம்பித்தவர் வேறு யாரும் இல்லை. 2025 நவம்பர் தேர்தலில் அவர் தாமே நிற்கவில்லை. ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் ஆட்களை நிறுத்தினார். நிதீஷின் கட்சி 25 இடத்தைத் தாண்டினால் அரசியலை விட்டுவிடுவேன் என்றார். நவம்பர் 14இல் நிதீஷின் கட்சிக்கு 85 வந்தது. அவர் அணிக்கு மொத்தம் 202. ஜன் சுராஜுக்கு ஓர் இடம்கூட இல்லை. ஓட்டு மூன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலானோர் காப்புத்தொகையை இழந்தார்கள்.

சிலர் இதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கமாட்டேன். மூன்றரை சதவீதம் என்றால் பல லட்சம் பேர். ஜாதியைப் பார்க்காமல் பள்ளிக்கூடப் பைக்கு ஓட்டுப் போட்டவர்களும் அதில் இருப்பார்கள். ஆனால் பீகாரில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் சுமார் 3 லட்சம் வாக்காளர்கள். அதற்கு 300க்கு மேல் சாவடி. ஒவ்வொன்றிலும் காலை ஏழு மணிக்கு ஏஜெண்டாக உட்கார்ந்து, வராதவனை வீட்டுக்குப் போய்க் கூட்டி வருகிற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சம்பளத்துக்கு வருகிறவன் அல்ல. அப்பா காலத்திலிருந்து அந்தக் கட்சியில் இருப்பான், மழையில் நனைந்து கொடி கட்டியிருப்பான், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கிக் கொடுத்திருப்பான். மூன்று வருஷ நடையில் அவனை உண்டாக்க முடியாது. கட்சிகள் தங்களிடம் இருக்கும் அந்த ஆளைக் கேட்பதை விட்டுவிட்டு, டெலிபோன் சர்வேயை மட்டும் நம்ப ஆரம்பித்தால் அவன் மெல்ல வீட்டில் உட்கார்ந்துவிடுவான். கீமேனை நிறுத்திவிட்டு வண்டியின் காகிதத்தை மட்டும் பார்க்கிற செக்ஷனில் என்ன ஆகும் என்று ரயில்வேக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, 2025 செப்டம்பர் கடைசியில், பீகார் அரசு பெண்களுக்குத் தொழில் தொடங்க 10,000 ரூபாய் என்று நேரடியாக வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தது. முதல் தவணையிலேயே 75 லட்சம் பெண்களுக்குப் போயிற்று. தம் தோல்விக்கு அதுவும் ஒரு காரணம் என்று பிரசாந்த் கிஷோர் சொன்னார். வீட்டுப் பெண்களின் பெயருக்கு நேராகப் போய்ச் சேருகிற, பெயர் சொல்லக்கூடிய ஒரு திட்டம் இருந்தால் கட்சி அமைப்பில் உள்ள ஓட்டைகளைக்கூட அது அடைத்துவிடும் என்பதை ஆந்திரத்திலும் வங்காளத்திலும் செய்து காட்டியவர்களில் அவரும் ஒருவர். பாடத்தை நிதீஷ் குமாரும் நன்றாகப் படித்திருந்தார். நவம்பர் 20ஆம் தேதி, நடையை ஆரம்பித்த அதே பிதிஹர்வா ஆசிரமத்தில் பிரசாந்த் கிஷோர் ஒரு நாள் மௌன விரதம் இருந்தார். பாட்னாவில் அன்றுதான் நிதீஷ் குமார் மறுபடியும் முதலமைச்சராகப் பதவி ஏற்றுக்கொண்டார்.